மஞ்சள் ஹெல்மெட்

என்னவருக்கு,

அந்த வார்டிலும் கர்த்தர் உங்கள் பக்கத்தில் இருக்கிறார்.

நர்ஸ் போன் செய்தார். தலைக்குள் கேட்கும் அந்தக் குரல் இன்னும் ஓயவில்லையாம். மாத்திரையைத் துப்பிவிடுகிறீர்களாம். "விசுவாசிக்கு எதுக்கு மாத்திரைன்னு கேக்குறாரும்மா" என்றார்.

வெல்டிங் வேலைக்குச் சாரம் ஏறும் முன் தினமும் முழங்காலில் நிற்பீர்கள். வேதம் சொல்லும் தலைக்கவசத்தை, அந்த இரட்சிப்பின் தலைச்சீராவை, மனதுக்கு அணிவிக்கும்படி கர்த்தரிடம் கேட்பீர்கள். ஆமென் சொன்ன கையோடு மஞ்சள் ஹெல்மெட்டையும் மாட்டி, நாடாவை இழுத்துப் பார்ப்பீர்கள். நான் சிரித்தால், "ரெண்டும் அவர் குடுத்ததுதான்டி" என்பீர்கள்.

ஹெல்மெட் ஆணியில்தான் தொங்குகிறது. தூசி படிய விடவில்லை.

ஜெபத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் மாத்திரையை விழுங்குங்கள். வெறுந்தலையோடு ஏற வேண்டாம்.

உங்கள் பிள்ளைகளின் அம்மா