பதினேழாம் நம்பர் காட்டின் நேரம்

4.1.82, திங்கள்

மழை. விடியும் முன்பே பிடித்தது, இன்னும் விடவில்லை. பாரிட் வாய்க்காலில் தண்ணீர் பாலத்தைத் தொடுகிறது.

புத்தாண்டோடு நாடு முழுக்கக் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியாயிற்று. தோட்ட ஆபிஸ் கடிகாரத்தை நான்தான் நாற்காலி மேல் ஏறித் திருப்பினேன். உடம்பு இன்னும் திரும்பவில்லை. காலைப் பெரட்டில் ஆள் கூப்பிடும்போது கும்மிருட்டு. டார்ச் அடித்துப் பெயர் வாசிக்க வேண்டியிருக்கிறது. "சாமி கூட எந்திரிச்சிருக்காதுலா" என்று கூட்டத்தில் யாரோ. முகம் தெரியவில்லை.

வேலை: செக்ரோல் புது வருகைப் புத்தகத்துக்குக் கோடு. சைக்கிள் பிரேக். நிரந்தரப் பட்டியல் டைப்.

பட்டியலில் இந்தத் தடவை ஆறு பேர். காட்டு வேலையில் ஐந்து, ஆபிசில் கணக்கு எழுதும் கிராணி நான். ஆறு மாதம் ஒரு குறையும் இல்லாமல் வேலைக்கு வந்திருக்க வேண்டும், அதுதான் சட்டம். பதினாறாம் தேதி தலைமை ஆபிசுக்குத் தபாலில் போகும். விட்டால் ஜூலைதான். சபாக்கில் எனக்குப் பார்த்திருக்கும் பெண் வீட்டார் இதற்காகக் காத்திருக்கிறார்கள். "பெர்மனண்ட் ஆகட்டும், தேதி வைப்போம்." அம்மா கடிதத்தில் அதே வரி, மூன்றாவது தடவை. படித்தாலே எரிச்சல்.

11.1, திங்கள்

மேகமூட்டம். வயிறு சரியில்லை. இரண்டு கப் கோப்பி குடித்தது தப்பு.

பதினேழாம் நம்பர் காடு: செம்பனை. பாரிட்டுக்கு அப்பால் ஐந்து மைல். புல் வெட்டும் பெண்கள் பதினோரு பேர் அங்கேயே பழைய லயத்தில் குடியிருக்கிறார்கள். பெரட்டுக்கு வருவதில்லை. அவர்களுக்கு மேலாளான சின்னசாமி மண்டோர் சாயங்கால டிராக்டரில் சிட்டு, நேரம் எழுதிய துண்டுத் தாள், அனுப்புவார்: தொடக்கம் 6.30, முடிவு 2.00. அதைப் பார்த்து நான் பேர் போடுவேன். முழு நாள் வேலைக்கு ஒரு பேர், குறைந்தால் அரைப் பேர். ஆறு மாதமாக இப்படித்தான். ஒரு நாள்கூட அங்கே போனதில்லை.

இன்று டிராக்டர்காரர் ஆபிஸ் வாசலில்: "பதினேழுல ஏழு மணிக்குத்தான் கத்தியத் தூக்குறாங்க. யாரு பாக்கறா?" மேனேஜர் காதில் விழுந்துவிட்டது. கூப்பிட்டார். கண்ணால் பார்க்காத ஆளுக்கு எந்த தைரியத்தில் முழுப் பேர் போடுகிறாய் என்று கேட்டார்.

நாளை நேரில். மண்டோர் மேல் கோபம் கோபமாக வருகிறது. என் பெயர் போகிற மாதத்திலா இந்த வேலை.

12.1, செவ்வாய்

ஐந்தரைக்குச் சைக்கிள். இருட்டு, சேறு, ஒரு தடவை விழுந்தேன். முழங்கால் சிராய்ப்பு. 6.25க்குக் காட்டோரம். ஆறரை: ஒருவரும் இல்லை. 6.45: இல்லை. சரியாக ஏழுக்கு வரிசையாக வந்தார்கள், சிரித்துப் பேசிக்கொண்டு.

கைக்கடிகாரத்தை மண்டோரிடம் காட்டினேன். "காட்டுக்குள்ள நேரம் வேற தம்பி" என்றார், அமைதியாக. என்ன திமிர் என்று நினைத்தேன். மேலே ஒன்றும் கேட்கவில்லை. ஏழே காலுக்குத் திரும்பிவிட்டேன், ஆபிசில் வேலை கிடந்தது.

பதினோரு பேருக்கும் அரைப் பேர். மேனேஜர் தலையாட்டினார். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

13.1, புதன்

மறுபடியும் போனேன். மறுபடியும் ஏழு. அரைப் பேர்.

பொங்கலுக்கு வாங்க: வெல்லம், நெய், கரும்பு ஒரு கட்டு (புக்கிட் ரோத்தான்).

16.1, சனி

முந்தாநாள் பொங்கல் விடுமுறை. நேற்றும் இன்றும் போகவில்லை. பிரேக் இன்னும் சரியில்லை, போனாலும் அதே கதைதான். ஆபிசில் உட்கார்ந்தே அரைப் பேர் போட்டேன்.

பட்டியல் காலைத் தபாலில் போயிற்று. ஆறு, ஐந்தாயிற்று. பதினேழாம் காட்டுப் பவுனம்மா என்ற பெண்ணை மேனேஜர் எடுக்கச் சொன்னார். நேற்று வரை மூன்று அரைப் பேர், ஆறு மாதச் சட்டம் உடைந்தது. நான்தான் கோடு போட்டு எடுத்தேன். முகம் ஞாபகம் வரவில்லை.

17.1, ஞாயிறு

துணி துவைத்துக்கொண்டிருந்தேன். மண்டோரும் ஒரு பெண்ணும் வாசலில். முப்பது வயதிருக்கும், மெலிந்த உடம்பு, பேச்சு மட்டும் கத்தி. பவுனம்மா.

"ஏழுக்கு வந்தோம்னு எழுதினீங்க, சரி. எத்தன மணிக்குப் போனோம்னு எழுதினீங்களாய்யா?"

ரெண்டு மணிக்கு, சிட்டில் இருக்கிறதே என்றேன்.

"அது பழைய ரெண்டு. ஒங்க கடியாரத்துல ரெண்டர. நீங்க நின்னு பாத்தீங்களா?"

மண்டோர் தரையைப் பார்த்தபடி: "இங்க பெரட்டுல பேரு வாசிக்க டார்ச்சு வெளிச்சம் போதும் தம்பி. அங்க போதுமா? இருட்டுல கத்தி வீசினா பக்கத்து ஆளு காலு போயிரும். அதான் பழைய நேரத்தையே வச்சிக்கிட்டோம். தொடங்கறதும் அதுல, முடிக்கறதும் அதுல. சிட்டுல எப்பவும் போல எழுதினேன். எல்லாருக்கும் தெரியும்னு நெனச்சிட்டேன்."

அவள் அக்கா வீட்டில் ஒண்டியிருக்கிறாள், இரண்டு பெண் பிள்ளைகளோடு. அக்கா புருஷன் மாதக் கடைசி வரைதான் தவணை கொடுத்திருக்கிறான். நிரந்தரம் ஆனால் தோட்டத்தில் தனி வீடு கிடைக்கும். ஆகாவிட்டால் எங்கே போவது என்று கேட்டாள். என்னைத்தான் கேட்டாள்.

நாளை பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பினேன். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நம்பத்தான் ஆசையாக இருக்கிறது.

18.1, திங்கள்

போனேன். கடைசி வரை இருந்தேன்.

ஏழுக்குத் தொடங்கினார்கள். பத்து மணிக்குத் தேத்தண்ணீர். கொசு, அட்டை. எனக்கு நிற்கவே முடியவில்லை, அவர்கள் குனிந்து வெட்டிக்கொண்டே போனார்கள். என் கடிகாரத்தில் இரண்டு ஆனபோது ஒருவரும் நிமிரவில்லை. இரண்டே கால், இல்லை. சரியாக இரண்டரைக்கு மண்டோர் விசில். ஏழரை மணி நேரம், ஒரு நிமிடம் குறையாமல்.

வெட்கமாக இருக்கிறது. ஆரம்பத்தை மட்டும் பார்த்துவிட்டு ஓடி வந்து முடிவையும் எழுதியிருக்கிறேன். வெள்ளியும் சனியும் அந்த ஆரம்பத்தைக்கூடப் பார்க்கவில்லை.

19.1, செவ்வாய்

மேனேஜரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. செக்ரோலில் நான்கு நாளையும் சிவப்பு மையில் திருத்து, காரணம் எழுதி உன் கையெழுத்தைப் போடு என்றார். செய்துவிட்டேன். நாற்பத்து நான்கு இடம்.

பட்டியல் என்ன ஆகும் என்று கேட்டேன். அது போய்விட்டதே என்றார். ஒரு பெயரை மட்டும் பிறகு சேர்க்கத் தலைமை ஆபிஸ் விடாது. முழுப் பட்டியலையும் திருப்பிக் கேட்க வேண்டும், ஏன் என்றும் எழுத வேண்டும். எழுதினால் மற்ற நால்வருக்கும் பாதகமில்லை. உன் பெயர் மட்டும் நிற்காது, பார்க்காமலே பேர் போட்ட கிராணியை யார் நிரந்தரமாக்குவார்கள் என்றார். யோசித்துச் சொல். வெள்ளிக்கிழமைத் தபால்.

20.1, புதன்

வெயில். ஒன்றும் ஓடவில்லை. கூட்டல் மூன்று தடவை தப்பு. மத்தியானம் தொழிற்சாலை வரை நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன்.

பெரிய கிராணியிடம் கேட்டேன். "ஏன் தம்பி ஒன் தலையில நீயே மண்ண அள்ளிப் போட்டுக்கிற? ஜூலையில அவ பேரு வரும்லா. ஆறு மாசம்தான?"

ஆறு மாதம்தான். எனக்கும் ஆறு மாதம்தான். ஆனால் எனக்கு அறை இருக்கிறது, கட்டில் இருக்கிறது, யாரும் மாதக் கடைசியில் போகச் சொல்லவில்லை. சபாக்கில் என்ன சொல்வது? அவர்கள் காத்திருப்பார்களா? மாட்டார்கள் என்றே தோன்றுகிறது. அந்தப் பெண்ணை ஒரு தடவைதான் பார்த்தேன், நீலத் தாவணி. பிடித்திருந்தது.

பல் வலி வேறு.

21.1, வியாழன்

மேனேஜரிடம் சொல்லிவிட்டேன், பட்டியலைத் திருப்பிக் கேளுங்கள் என்று. காலை எட்டுக்கே, யோசனை மாறுவதற்குள்.

கடிதத்தை டைப் செய்ய வேண்டியதும் நான்தான், ஆபிசில் டைப் தெரிந்தவர் வேறு யார். "கவனக்குறைவு" என்ற இடத்தில் இரண்டு தடவை தாளை மாற்றினேன். மேனேஜர் கையெழுத்துப் போடும்போது என்னைப் பார்க்கவில்லை. பவுனம்மாவுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பலாமா என்று கேட்டேன். பதில் வரும் வரை யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்றார்.

அம்மாவுக்கு இன்னும் எழுதவில்லை.

22.1, வெள்ளி

தூறல். நான்கு மணிக்குப் புக்கிட் ரோத்தான் தபாலாபிஸ். கடிதத்தைப் போட்டேன். போட்ட பிறகும் பெட்டி முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு பிரேக் கட்டை வாங்க சைக்கிள் கடை. பக்கத்து மளிகைக் கடையில் பவுனம்மா, சின்ன மகளைக் கையில் பிடித்தபடி, கூட இன்னொரு பெண். நான் வணக்கம் என்றேன். அவள் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

திரும்பி நடந்தேன். அந்த இன்னொரு பெண் யாருடி அது என்று கேட்டது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

"கிராணி. எங்க வீட்டக் கெடுத்தவரு."