மூட்டைப்பூச்சியின் முன்னேற்பாடு

2 ஜூலை 2024, செவ்வாய்

இன்றோடு எனக்கு எழுபத்தெட்டு ஆண்டும் ஐந்து மாதமும் நிறைகின்றன. பழைய மாணவன் ஜாபேஸ், மூட்டைப்பூச்சிகளைப் பற்றிய வெளிநாட்டு ஆய்வுக்கட்டுரை ஒன்றை அனுப்பி, அபிப்பிராயம் கேட்கிறான். முப்பது ஆண்டு கல்லூரியில் விலங்கியல் நடத்திய குற்றத்துக்குத் தண்டனை. திருமணமான புதிதில் புளியங்கிளை குத்தி இடது கண் போனது பாளையங்கோட்டைக்கே தெரியும். வலது கண்ணால் ஊர்ந்து படிக்கிறேன்.

4 ஜூலை, வியாழன்

ஆண் மூட்டைப்பூச்சி, பெண்ணின் வயிற்றைக் குத்தித் துளைத்தே கூடுகிறது. அந்தக் காயத்தின் வழியே கிருமிகள் நுழையும். இவ்வளவும் நான் வகுப்பில் நடத்தியதுதான். புதிய செய்தி வேறு. இரத்தம் குடித்து வயிறு நிறைந்த பெண்ணையே ஆண் நாடும். ஆகவே இரை எடுத்ததுமே, ஆண் வருமுன்பே, அவள் உடலில் கிருமியை அழிக்கும் சுரப்பு கூடிவிடுகிறதாம். காயம் இன்னும் இல்லை. மருந்து மட்டும் தயார்! அந்தக் கடுகளவு உயிருக்கு இது எப்படித் தெரியும்? எனக்கு விளங்கவில்லை.

6 ஜூலை, சனி

மாடியில் குடியிருக்கும் நித்யா, சனிக்கிழமைதோறும் செய்வதுபோல அந்தியில் கண்ணாடி வளையல்களைக் கழற்றி என் சன்னலோரம் வைத்தாள். கங்கைகொண்டானில் தங்கி வேலைபார்க்கும் அவள் கணவன் பெருமாள்ராஜ் வீட்டுக்கு வரும் நாள். கணவன் வரும்போது வளையலைப் போடுவார்களா, கழற்றுவார்களா? எங்கள் கிறிஸ்தவ வீடுகளில் வளையல் வழக்கமே இல்லை. அவர்கள் முறை எனக்கென்ன தெரியும்.

"இது என்ன விரதமா, பிள்ள?"

"ஆமா டீச்சர். சனிக்கெழம விரதம்." சிரித்தாள்.

9 ஜூலை, செவ்வாய்

ஜாபேஸ் பேசினான். நேர ஒழுங்கில்லாமல் இரை கொடுத்து வளர்த்த பூச்சிகளிடம் இந்த முன்னேற்பாடு இல்லையாம்.

"எப்ப நடக்கும்னு பழகியிருந்தாத்தான் உடம்பு தயாராகுது, மேடம்."

"அதுகிட்ட யாருடே சொல்லுதா?"

"அதக் கேக்கத்தான உங்களுக்கு அனுப்புனேன்!"

குழப்பம் இரட்டிப்பானதே மிச்சம்.

13 ஜூலை, சனி

மறுபடியும் வளையல்கள்.

"இங்கன இருக்கட்டும் டீச்சர், காலையில எடுத்துக்கிடுதேன்."

"எந்தச் சாமிக்கு இந்த விரதம்?"

இம்முறை அவள் சிரிக்கவில்லை. "உடைஞ்சா கையில குத்துதுல்லா, டீச்சர்."

மணிக்கட்டு நிறைய ஆறிய கீறல்கள். எத்தனை சனிக்கிழமை இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்! இரண்டு பட்டம் வாங்கிய மடச்சி.

14 ஜூலை, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை.

20 ஜூலை, சனி

"வளையல் கையிலயே இருக்கட்டும். நீ இங்கன இரு" என்றேன்.

"அவுக வந்து கதவத் தட்டுவாக, டீச்சர்."

"தட்டட்டும். கதவு என்னுது."

தட்டினான். "டீச்சர், எம் பொண்டாட்டிய அனுப்புங்க."

"ஏலே, பைய மாடியேறிப் போய்ப் படு. அவ அண்ணனுக்குப் போன் போட்டாச்சு, காலையில வாரான், அவன்கிட்டப் பேசு."

பிறகு படியேறும் சத்தம் கேட்டது. அடுக்களையில் நித்யா தோசை வார்க்க, வளையல்கள் கலகலத்தன.

"ஒங்களுக்கு எப்படி டீச்சர் தெரிஞ்சது?" என்று கேட்டாள். அவளிடம் சொன்னதை இந்த ஏட்டுக்கும் சொல்லிவிடுகிறேன். இத்தனை ஆண்டில் இங்கும் எழுதியதில்லை. என் கண்ணைக் குத்தியது புளியங்கிளை அல்ல. என் கணவர் ரிச்சர்டின் சைக்கிள் சத்தம் கேட்டதுமே மூக்குக்கண்ணாடியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் வைத்துவிடுவேன்.

ஒருநாள் அவர் நடந்து வந்தார்.