பின்பக்கத்து நட்டும் என் வளையலும்

இஞ்சாருங்கோ,

உங்கள் பெயரைச் சொல்லி நான் ஒருநாளும் கூப்பிட்டதில்லை. இப்போதும் வாய் வருகுதில்லை. அங்கேயும் இந்தக் குரலுக்குத் திரும்பிப் பார்ப்பீர்கள்தானே?

நீங்கள் பார்த்துப் பார்த்திருந்த பெட்டி, நீங்கள் கண்ணை மூடிய பிறகுதான் வந்து சேர்ந்தது. உங்கள் சிவப்புக் காருக்கு, இரண்டு பேர் மட்டும் இருக்கிற அந்தப் பழைய பந்தயக் காருக்கு, புது மெனிபோல்ட் இரண்டு. என்ஜினுக்குக் காற்று விடுகிறது ஒன்று, புகையை வெளியே தள்ளுகிறது மற்றது. பழையவற்றில் வெடிப்பு விழுந்ததிலிருந்து கார் கொட்டிலில் கிடக்குது. பழைய இரும்பு எடுக்கிறவர் படலையில் வந்து வந்து கேட்டார்.

நான் மகளிடம் சொல்லிவிட்டேன். "புதுசு பூட்டி ஸ்டார்ட் வந்தா வச்சிருப்பம். வராட்டி குடுத்திடுவம் வாணி. சும்மா கிடக்கிறதைப் பாக்க எனக்கு ஏலாது."

கிண்ணியாவிலிருந்து உங்கள் கூட்டாளி நசீர் நானா வந்து பூட்டினார். எல்லாம் சரி, பின்பக்கம் கீழே இருக்கிற அந்த ஒரு நட்டுக்கு மட்டும் அவருடைய கை போகவில்லை. கத்தியது குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த எனக்குக் கேட்டது.

"அல்லாவே, இதுக்குள்ள பூனைதான் போகும்! இவர் எப்பிடித்தான் பூட்டினாரோ?"

"அப்பா எங்க பூட்டினவர்?" என்றாள் வாணி. "அம்மாட கைதான் பூட்டினது."

ஓம், அது என்னுடைய நட்டு. "இஞ்ச வாரும், உம்மட சின்னக் கை வேணும்" என்று கூப்பிடுவீர்கள். "வளையலைக் கழட்டும், வயர்ல சிக்கும்" என்று ஒவ்வொரு முறையும் சத்தம் போடுவீர்கள். கழற்றி உங்கள் சட்டைப் பையில் போடுவேன்.

நீங்கள் போனதிலிருந்து கொட்டில் பக்கம் போகாதவள், அன்று போனேன். கழற்ற வளையல் இருக்கவில்லை. வெறுங்கையை உள்ளே விட்டபோது அழுகை வந்துவிட்டது. நசீர் நானா மறுபக்கம் திரும்பி நின்றார்.

"ஆறுதலா, மெதுவாப் பூட்டுங்க தங்கச்சி. நட்டு விழுந்தா நான்தான் காருக்குக் கீழ படுக்கோணும், இந்த வயிறோட."

சிரிப்பு வந்தது. நட்டும் புரியில் ஏறியது.

வாணி சாவியைத் திருப்பினாள். இருமிவிட்டு நின்றது. திரும்பவும் திருப்பினாள். பிடித்துக்கொண்டது! துறைமுகத்தில் கப்பல் ஊதியதுகூட எங்களுக்குக் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்டதா?

"ஓடிச் சூடேறினா நட்டெல்லாம் இளகும். ஆறினாப்பிறகு இன்னொருக்கா இறுக்கோணும்" என்றார் நானா. "அப்பவும் உங்கட கைதான்."

பின்னேரம் வாணி தன்னுடைய கண்ணாடி வளையல்களை என் கையில் ஏற்றினாள். "சனம் என்ன சொல்லும் பிள்ளை?" என்றேன்.

"கழட்டுறதுக்கெண்டாலும் வேணுமே அம்மா."

மற்றக் கையையும் நீட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை கிண்ணியாப் பாலத்தால் மூதூருக்குப் போய்த் தயிர் வாங்கி வரப்போகிறோம். வந்து என்ஜின் ஆறியதும் அந்த நட்டை நான்தான் இறுக்குவேன். வளையலோடுதான் கொட்டிலுக்குள் வருவேன். உங்கள் சட்டை இன்னும் கொட்டில் ஆணியில்தான் தொங்குது. கழற்றி அதன் பையில்தான் போடுவேன், சத்தியமாக.

உங்கள் சின்னக் கைக்காரி,
வாணியின் அம்மா