மகள் கேட்ட பேரு

வீட்டு மகாராணிக்கு,

மகளை வேலைய விடச் சொல்லிக் கையோட கூட்டிட்டு வான்னு அனுப்பினே. வந்த எடத்துல நெஞ்சு லேசா அடைச்சு, அவ நர்ஸா வேலை பாக்குற ஆஸ்பத்திரியிலயே படுத்திருக்கேன். பயப்படாதே, நீ பக்கத்துல இல்லாததால பிரஷர் கொறைஞ்சிருக்கு.

இன்னிக்கு ஆள் கொறைவுன்னு மாத்திரைய அவளே கொண்டாந்தா. "உங்க பேரு, பொறந்த தேதி சொல்லுங்க"ன்னா. பெத்த அப்பன்கிட்ட. "உங்கம்மாவுக்கு வாக்கப்பட்ட அடிமை"ன்னேன். சிரிக்கல. "யாரா இருந்தாலும் கேட்டுட்டுத்தான் குடுக்கணும்ப்பா. ஆள் மாறிட்டா உயிர் போயிடும்"னா. வாத்தியார் குத்துமதிப்பாப் போட்ட தேதி எனக்கெங்க ஞாபகம்? ரெண்டு தடவை தப்பாச் சொல்லி, மூணாவதுலதான் மாத்திரை கைக்கு வந்துச்சு.

பக்கத்துக் கட்டில் பெரியவருக்கு நம்ம பாஷையும் தெரியாது, டாக்டர் பாஷையும் தெரியாது. அவர் பாஷையில அந்தக் கேள்விய ஒரு துண்டுச்சீட்டுல நம்ம எழுத்துல எழுதி வெச்சிருக்கா. அதைப் படிச்சுக் கேட்டா. நாள் பூரா சுவத்தைப் பாத்துப் படுத்திருந்தவரு, எந்திரிச்சு உக்காந்து பேரைச் சொன்னாரு. "ஆறு பாஷைக்குச் சீட்டு இருக்குப்பா"ன்னா. நீயும் நானும் ஒரே பாஷையில நாப்பது வருசமாச் சண்டை போடுறோம்.

கூட்டிட்டு வர்ற பேச்சை நான் எடுக்கல. அவ போன் பண்ணா நீயும் 'எப்ப வர்றே'ன்னு கேக்காதே. 'இன்னிக்கு எத்தனை பேரைப் பாத்தே'ன்னு கேளு.

உன் வீட்டுக்காரன்