ராசாத்தி சாப்பிடாத நாட்கள்

மச்சான்,

இன்று காலை வெம்பிளியில், என் கிளினிக் மேசைமேல் ஒரு பெண் பூனைக்கூடையைத் திறந்தாள். பூனையைக் காணமுதல் மணம் வந்துவிட்டது. அழுகிய வாயின் அந்த மணம் எங்கே வந்தாலும் எனக்குத் தெரியும். கையுறையைப் போட்டுக்கொண்டு நின்றபோது உன் நினைவுதான் வந்தது.

அது ஒரு கந்தசஷ்டி நேரம். "மச்சான், ராசாத்தியும் என்னோடை விரதம் பிடிக்கிறாள்" என்று போன் எடுத்தாய். மனோர் பார்க் கோயிலில் கண்ட எல்லாருக்கும் அதைச் சொல்லி முடித்திருந்தாய். விரத வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் கூடாதென்று உன் பூனை ராசாத்தியின் டின் சாப்பாட்டைக்கூடப் பின்கதவுக்கு வெளியே வைத்தவன் நீ. அவள் ஓடிப் போவாளாம், மணந்து பார்ப்பாளாம், சீறிவிட்டுத் திரும்பி வருவாளாம். பக்தியாம். மிருக வைத்தியனைச் சிநேகிதனாக வைத்துக்கொண்டு இப்படியும் ஒருவன் பேசுவானா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று பின்னேரமே வந்து, அவளைத் துவாயில் சுற்றி வாயைத் திறந்தேன். தொண்டைவரை இரத்தச் சிவப்பு. உன் முகம் விழுந்துபோனது.

"எதிர்ப்புச் சக்தி குறைஞ்சுபோச்சோ?" என்றாய்.

"குறையேல்லை. அளவுக்கு மிஞ்சி நிக்குது."

பல்லில் படியும் கிருமிகளை மற்றப் பூனைகள் பெரிதாகக் கணக்கெடுப்பதில்லை. ராசாத்தியின் உடம்போ கிருமியை எதிர்க்கும் அணுக்களையெல்லாம் வாய்க்குள் கொண்டுவந்து குவித்தது. அவை ஓயத் தெரியாமல் அவளுடைய சொந்தச் சதையையே புண்ணாக்கிக்கொண்டிருந்தன. மருந்து கொடுத்தோம். அடங்கியது, திரும்பவும் எழும்பியது. பல்லைப் பிடுங்கினால் கிருமிக்கு ஒட்ட இடமிருக்காது என்றேன்.

நீ கொதித்தாய். "சண்டை பிடிக்கிறது உடம்பு. பல்லு என்ன செய்தது? பல்லில்லாமல் என்னத்தைத் தின்னும்?"

"இப்ப பல்லோடை என்னத்தைத் தின்னுது?"

சில பூனைகளுக்கு அதற்குப் பிறகும் மாறாது என்பதையும் ஒளிக்காமல் சொன்னேன். தேத்தண்ணியைத் தள்ளி வைத்துவிட்டு, "நீ செய்யிறதெண்டால் சரி. வேறை ஆரும் கை வைக்க ஏலாது" என்றாய். எல்லாப் பல்லையும் நான்தான் எடுத்தேன். புண் ஆற மாதங்கள் போயின. ஒரு நாள் உன் போன் வந்தது, ஆனால் நீ பேசவில்லை. கோப்பையை நக்கும் சத்தம் மட்டும் கேட்டது. போனை அவள் வாயருகே பிடித்திருந்தாய்.

பல்லில்லாமல் என்னத்தைத் தின்னும் என்று, இன்று வந்த பெண்ணும் நீ கேட்டதைத்தான் கேட்டாள். "பெரும்பாலும் சுகம் வரும். பல்லில்லாத ஒருத்தி என்ர வீட்டிலை வடிவாச் சாப்பிடுறாள், வந்து பாருங்கோ" என்றேன்.

ஓம், அவள் என்னோடுதான். உன் நெஞ்சு நின்றுபோன கிழமை, உன் வீட்டிலிருந்து தூக்கி வந்தேன். எதை வைத்தாலும் தொடவில்லை. நோய் திரும்பிவிட்டதென்று பயந்து வாயைத் திறந்தேன். எங்கும் சுத்தமான இளஞ்சிவப்பு. நான் கை வைத்த வாய்களில் இவ்வளவு வடிவாக ஆறியது வேறில்லை. அவளுக்கு நீ வேண்டியிருந்தது, அவ்வளவுதான். உன் செத்தவீட்டில் ஓடியோடி வேலை செய்தபோது ஒரு சொட்டுக் கண்ணீரும் எனக்கு வரவில்லை. அவள் வாயைத் திறந்து பார்த்த அன்றுதான், குசினி நிலத்தில் அவளுக்குப் பக்கத்தில் இருந்து, மீனைப் பிசைந்து விரலில் வைத்து நீட்டினேன். கொஞ்சநேரம் என்னையே பார்த்தாள். பிறகு நக்கினாள். அப்போதுதான் அழுதேன்.