மாதகல் கிணற்றில் ஈயம்

மார்ச் 4, திங்கள்
காலையிலேயே வெயில். போத்தல்களை அமிலத்தில் ஊறவிட்டுக் கழுவினேன். பிறகு மாதகல் கிணற்று மாதிரிகளை ஆய்வுகூட மெசினில் போட்டேன். எல்லாம் சுத்தம், 7 தவிர. ஈயம் லீற்றருக்கு 38 மைக்குரோகிராம். எல்லை 10.
7 = றெஜினா வீடு. கணவர் கடல்தொழில். அவளுக்கு வயிற்றில் ஏழு மாதம். உடனே போன் எடுத்து, குடிக்க வேண்டாம் என்றேன்.

மார்ச் 5
திரும்ப அளந்தேன். 37. வெறும் வடிநீரில் ஒன்றுமில்லை, மெசின் சரி.
மதியம் றெஜினா எடுத்தாள். செய்தி ஒழுங்கை முழுக்கப் பரவிவிட்டதாம். அவள் கிணற்றில் அள்ளும் நாலு வீட்டாரும் வரவில்லை. “அக்கா, எங்கடை கிணத்துக்கு ஆரோ நஞ்சு போட்டதெண்டு கதைக்கினம்.”
அவசரப்பட்டேனோ?

மார்ச் 7, வியாழன்
மாதகல். பலத்த காற்று.
போனமுறை வாளியில் நின்ற தண்ணீரைத்தான் எடுத்திருக்கிறேன். என் பிழை. இன்று வாளியை வடிவாகப் பார்த்தேன். உள்ளே, விளிம்போடு ஒரு சாம்பல் கட்டி. வலைக்குக் கட்டும் ஈயம். வாளி மிதக்காமல் சரிந்து அமிழட்டும் என்று கணவர் கட்டியது. பின்னேரம் நிறைய அள்ளி அந்த வாளியிலேயே மூடிவைத்து, விடியக் குடிப்பார்களாம். மற்ற வீட்டாருக்குச் சொந்த வாளி.
கிணற்றுக்குள் போத்தல் இறக்கி மூன்று மாதிரி. வாளியில் மூன்று. ஈயத்தை வெட்டி எடுத்து வந்துவிட்டேன். பஸ்ஸில் இருக்க இடமில்லை.

மார்ச் 8
வாளி: 35, 39, 36.
கிணறு: மூன்றும் 1க்குக் கீழே.
 கிணறு சுத்தம் என்று றெஜினாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன்.
“அப்ப பிள்ளைக்கு?”
மாதக்கணக்கில் குடித்தது.  இரத்தம் சோதிக்க நானே கூட்டிப்போவதாகச் சொன்னேன்.

மார்ச் 20, புதன்
இரத்த முடிவு வந்தது. கொஞ்சம் இருக்கிறது, மருந்து தேவையில்லை, இனிக் குறையும், பிள்ளை பிறந்தபின் இருவரையும் பார்ப்போம் என்றார் டொக்டர்.  மாதகலில் பஸ்ஸால் இறங்கும்போது றெஜினா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.
கிணற்று அறிக்கையை, அள்ள வராமல் நின்ற பக்கத்து வீட்டுத் திரேசம்மாவிடம் நீட்டினேன். வாங்கவில்லை.
“கடதாசி கிடக்கட்டும், பிள்ளை. நீங்கள் குடியுங்கோ பாப்பம்.”
அள்ளிக் குடித்தேன். இரண்டு செம்பு. அவர் உள்ளே போனார். குடத்தோடு வந்தார்.