வாசலோடு நின்ற சாம்பிராணி

பாய்,

இன்று வெள்ளிக்கிழமை. ஆரப்பாளையத்தில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். பக்கத்துப் பழக்கடையில் சாம்பிராணி போட்டார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் பஸ்ஸை விட்டுவிட்டேன். பெஞ்சில் உட்கார்ந்து உங்களை நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் இந்த நோட்டை எடுத்துவிட்டேன்.

ஆமாம் பாய், நானேதான் எழுதுகிறேன். எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. போன மழைக்காலத்தில் சேர்ந்தேன். இப்போது பஸ் போர்டைப் படிக்கிறேன், சுவரொட்டியைப் படிக்கிறேன், பிஸ்கட் பாக்கெட்டைக்கூட விடுவதில்லை. ஒரு வரி எழுதுவதற்குள் காபி ஆறிப்போகிறது. ஆனாலும் எழுதி முடித்த வரியைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. அவ்வளவு சந்தோஷம்.

பஸ் போர்டு என்றதும் ஞாபகம் வருகிறது. வேலை முடிந்து நாம் இரண்டு பேரும் ஸ்டாப்பில் நிற்கும்போது, உங்களுக்கு நீங்களே பேசிக்கொள்வது போல போர்டைப் படிப்பீர்கள். "மாட்டுத்தாவணி போவுது... இது அழகர்கோவில்..." என்று. என்னுடைய பஸ் வந்ததும் நான் ஏறிக்கொள்வேன். எனக்குப் படிக்கத் தெரியாது என்பதை உங்களிடம் நான் சொன்னதில்லை. நீங்களும் கேட்டதில்லை.

நான் அப்போது பார்சல் ஆபீஸில் வாட்ச்மேன். காலையில் திறப்பது, கூட்டுவது, வெள்ளிக்கிழமை பூசை எல்லாம் என் பொறுப்பு. முன்னால் நான்கு கவுண்டர்களில் நான்கு கம்ப்யூட்டர்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து உள்ளறையில் ஒரு பெரிய மெஷின். அதில்தான் எல்லாக் கணக்கும் இருக்கிறது என்று நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். அந்த மெஷின் படுத்தால் நான்கு கவுண்டரும் படுத்துவிடும். அதைப் பார்த்துக்கொள்ளும் வேலை உங்களுடையது. வேறு இடங்களுக்கும் போய்வந்தீர்கள். ஆனால் வீட்டில் அடுப்பெரிந்தது எங்கள் ஆபீஸை நம்பித்தான்.

அந்தக் கோடையில் மெஷின் மெதுவாகிவிட்டது. பெரிய கவுண்டரில் இருந்த செல்வி உங்களைப் பார்த்ததும் ஆரம்பித்துவிடும். "பாய், நான் ஒரு பில்லு போட்டு வெளிய வர்றதுக்குள்ள லாரி திண்டுக்கல்லத் தாண்டிருது!" லோடு ஏற்றுகிறவர்கள் வேறு, "மாப்ள, கம்ப்யூட்டருக்கு ஒரு டீ சொல்லு, தூங்குது" என்று கேலி பேசுவார்கள்.

நீங்கள் கோபப்படவில்லை. ஒவ்வொருவரிடமும் நின்று கேட்டீர்கள். ஒரு கவுண்டரில் மட்டுமா, எல்லாவற்றிலுமா? காலையிலா, மதியமா? பில் போடும்போதா, பிரிண்ட் எடுக்கும்போதா? ஒரு நாள் வயரை மாற்றினீர்கள். ஒரு நாள் யாரோ ஏற்றி வைத்திருந்த சினிமாப் படங்களை அழித்தீர்கள். "எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திட்டா என்ன பாய்?" என்று கேட்டேன். "ஒண்ணு ஒண்ணாத்தாண்ணே மாத்தணும். சேத்து மாத்தினா, எதுனால கொணமாச்சுன்னு தெரியாமப் போயிரும்" என்றீர்கள்.

நான் என் பங்குக்கு வைத்தியம் பார்த்தேன். மெஷினுக்குக் கண் பட்டுவிட்டது என்பது என் முடிவு. பூசணிக்காய் சுற்றி உடைத்தேன். எலுமிச்சையும் மிளகாயும் கட்டினேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணியை இரண்டு மடங்காக்கினேன். கற்பூரம் அணையக் கூடாது என்று ஏசியை நிறுத்திவிட்டு, புகை வெளியே போகக் கூடாது என்று உள்ளறைக் கதவையும் சாத்திவிடுவேன். மெஷின் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் புகை நின்றால்தான் எனக்குத் திருப்தி. மெஷின் இன்னும் மெதுவானது. நான் இன்னும் புகை போட்டேன்.

கடைசியில் முதலாளி சொல்லிவிட்டார். "இந்த மாசத்துக்குள்ள சரியாகலன்னா வேற ஆளுக்கு விட்டுருவேன் பாய். தப்பா நெனைக்காதீக." நீங்கள் சரி என்று தலையாட்டியதை நான் பார்த்தேன். அன்று பஸ் ஸ்டாப்பில் நீங்கள் போர்டு படிக்கவில்லை. நான் தப்பான பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி நடந்தேன்.

அடுத்த முறை வந்தபோது மெஷினைத் திறந்து பார்த்தீர்கள். பிறகு எல்லாரையும் கூப்பிட்டுத் திரையில் எதையோ காட்டினீர்கள். முதலாளி குனிந்து படித்தார். செல்வி படித்துவிட்டு, "அட, ஆமா!" என்றது. திரையை என் பக்கம் திருப்பி, "பாருங்கண்ணே" என்றீர்கள். எனக்கு அது எறும்பு ஊர்வது போல இருந்தது.

"வெள்ளிக்கெழம பூசைக்கப்புறந்தாண்ணே சூடு ஏறுது. புகையெல்லாம் உள்ள ஃபேன்ல போயி அப்பிக்கிருச்சு. சூடானா மெஷினே தன் வேகத்தக் கொறச்சுக்கும். சாம்பிராணிய வாசலோட நிறுத்திக்கிருவமா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எல்லாரும் படித்திருந்தார்கள். நான் மட்டும் படிக்காமல், படித்தவன் போல நின்றுகொண்டிருந்தேன். அந்தக் கூச்சம்தான் கோபமாக மாறியது என்று இன்று எனக்குத் தெரிகிறது. அன்று தெரியவில்லை.

"உங்க ஆளுகளுக்கு எங்க சாமி கும்புடுறது ஆகலைன்னா நேராச் சொல்லுங்க பாய். அதுக்கு எதுக்குக் கம்ப்யூட்டர இழுக்குறீக?"

இதைத்தான் சொன்னேன். இந்த வரியை எழுதுவதற்கு முன் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

செல்வி தன் கவுண்டருக்குப் போய்விட்டது. முதலாளி என்னைக் கண்டிப்பார் என்று நினைத்தேன். அவர் உங்களிடம், "பூசை விசயத்துல நாம கை வைக்க வேணாம் பாய். வேற காரணம் இருந்தாப் பாருங்க" என்றார். வேறு காரணம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஸ்க்ரூடிரைவரைப் பையில் வைத்தீர்கள்.

சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு வாசலுக்கு வந்தீர்கள். கையில் இரண்டு டீ. ஒன்றை என்னிடம் நீட்டி, "வாங்கண்ணே, ஒரு சோலி இருக்கு" என்றீர்கள். உள்ளறைக்குக் கூட்டிப்போனீர்கள். திரையை அணைத்து வைத்திருந்தீர்கள். அதை நான் கவனித்தேன்.

"மெஷினுக்குப் பின்னாடி கைய வைங்க."

வைத்தேன். லாரி பானெட்டில் கை வைத்தது போலச் சுட்டது. பிறகு மெஷினை நிறுத்தி, மூடியைக் கழற்றி, ஃபேனைக் காட்டினீர்கள். விறகடுப்புக்கு மேலே இருக்கும் சுவர் மாதிரி கறுப்பாக, பிசுபிசுப்பாக இருந்தது. ஒரு பிரஷ்ஷை எடுத்துத் துடைத்துக்கொண்டே பேசினீர்கள்.

"எங்க அத்தா வெள்ளிக்கெழமையானா கடை கடையாப் போயி சாம்பிராணி போட்டவருண்ணே. அந்தப் புகையிலதான் நான் படிச்சேன். எனக்கா சாம்பிராணி ஆகாது?"

உங்கள் அப்பாவைப் பற்றி அவ்வளவுதான் சொன்னீர்கள். மூடியைப் பூட்டினீர்கள். மெஷின் ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆனதும், "இப்ப வைங்க" என்றீர்கள். கையில் குளுகுளுவென்று காற்று பட்டது.

அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். "டீ ஆறிப்போச்சு பாய்" என்றுதான் சொன்னேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை தூபக்காலை வாசலோடு நிறுத்தினேன். முதலாளி கேட்டார், "என்ன, உள்ள காட்டலயா?" பாய் சொன்னது சரிதான் முதலாளி, நான்தான் வாய் தவறிப் பேசிவிட்டேன் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் உண்டா? நான் சொன்னேன்: "உள்ள மெஷினுக்கு மூச்சு முட்டும் முதலாளி." நானே கண்டுபிடித்தது போல! நீங்கள் அங்கேதான் வயர் சுற்றிக்கொண்டிருந்தீர்கள். செல்வி உங்களையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அண்ணே கம்ப்யூட்டர் டாக்டரு ஆயிட்டாரு, இனி பாய்க்கு வேலயில்ல" என்றது. எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும்தான்.

பில்கள் ஓடின. வேறு ஆள் பற்றிய பேச்சும் நின்றது. உங்கள் வேலை போகவில்லை. நாம் மறுபடியும் ஸ்டாப்பில் ஒன்றாக நின்றோம், நீங்கள் மறுபடியும் போர்டு படித்தீர்கள். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் பஸ் ஏறினேன். அப்படியே சில வருஷம் போய்விட்டது. ஒரு நாள் காலையில், உங்களுக்கு மாரடைப்பு என்று போன் வந்தது.

அடக்கம் முடிந்து பள்ளிவாசல் வாசலில் நின்றேன். உங்கள் பெரிய மகன் கிட்ட வந்தார். "நீங்கதான சாம்பிராணி அண்ணன்? அத்தா வீட்ல ஒங்களப் பத்திச் சொல்லாத நாளில்ல" என்றார்.

அந்த வார்த்தை உங்கள் வீடு வரை போய்விட்டதோ என்று நினைத்தேன். "என்ன தம்பி சொன்னாரு?" என்று கேட்டேன்.

"மெஷின் சுகமாகணும்னு பாசத்துல புகை போட்டுப் புகை போட்டு அதைப் படுக்க வச்சீகளாமே! அப்புறம் கைய வச்சுப் பாத்தவுடனே நீங்களாவே வாசலுக்கு மாத்திட்டீகளாம். அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு." அழுத கண்ணோடு அவரும் சிரித்தார்.

நான் சொன்ன வார்த்தை அந்தக் கதையில் இல்லை. உங்கள் வீட்டில் யாருக்கும் அது தெரியாது. அதை நீங்கள் வாசலோடு நிறுத்திவிட்டீர்கள், பாய்.

எழுதியதை ஒரு தடவை படித்துப் பார்த்தேன். மற்றவர்கள் வேகமாகப் படித்துத் தாண்டிவிடுவார்கள். நான் எழுத்து எழுத்தாகத்தான் போகவேண்டியிருக்கிறது. அந்த வரி வந்ததும் ஒவ்வொரு எழுத்திலும் நின்று நின்றுதான் கடக்கிறேன். அடித்துவிடலாமா என்று பேனாவை வைத்தேன். வேண்டாம். உங்கள் வீட்டில் நீங்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அது என் கையெழுத்தில், என்னிடமே இருக்கட்டும்.